முக்கால் இன்ச்சில் இரண்டு வகை: அவிநாசிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஹோஸ் இணைப்புகளை மாற்றிய விவரம்

அவிநாசிக்கும் அன்னூருக்கும் நடுவே, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது என் சின்னம்மாவின் தோட்டத்து வீடு. வாசலில் செவ்வரளியும் முல்லைப் பந்தலும். பின்னால் கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை. கிழக்கு ஓரத்தில் வரிசையாக இளந்தென்னை. இத்தனைக்கும் தண்ணீர் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று, போர் மோட்டாரிலிருந்து நேராக வரும் லைனில் இன்னொன்று. இரண்டிலும் வருவது உப்புத் தண்ணிதான்.

மோட்டார் பைப் வேலையும் சொட்டுநீர் லைன் போடுவதும் என் தொழில். ஹோஸ் ஒழுகுகிறது என்று யாரும் என்னைத் தனியாகக் கூப்பிடுவதில்லை, அதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த வீட்டில் குழாயடியில் எப்போதும் சேறு, மோட்டார் போட்டால் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு பறக்கிறது, சின்னம்மா குடத்தில் தூக்கித் தூக்கிச் செடிக்கு ஊற்றுகிறார். அறுபதைத் தாண்டியவருக்கு அது சின்ன வேலை இல்லை.

போய்ப் பார்த்தபோது நிலைமை இப்படி இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி, சின்னம்மாவின் மகள், லீவுக்கு வந்தபோது பித்தளையில் ஒரு தண்ணீர் தெளிக்கும் கன் கொண்டுவந்திருக்கிறாள். அழுத்தினால் தண்ணீர் திறக்கும், விட்டால் மூடும் விசை வைத்தது, கனமானது, நல்ல பொருள். அதோடு குழாயில் மாட்டும் பித்தளை இணைப்பு ஒன்றும் இருந்தது. சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி, தொட்டி லைனில் இருந்த, ஹோஸை அப்படியே செருகும் பழைய நாசில் குழாயைக் கழற்றிவிட்டு, முக்கால் இன்ச் மரை உள்ள குழாய் போட்டு, அதில் அந்த இணைப்பை மாட்டியிருக்கிறான். ஒழுகியது. டெஃப்லான் டேப் சுற்றினான். மறுபடி ஒழுகியது. டேப்பைத் தடிமனாகச் சுற்றிப் பைப் ரென்ச் போட்டு இறுக்கினான். அதற்கப்புறம் ஒழுகல் குறையவில்லை, பித்தளையின் விளிம்பில் ரென்ச்சின் பல் தடம் மட்டும் பதிந்துவிட்டது. ஹோஸின் நடுவில் அரை இன்ச் துண்டும் முக்கால் இன்ச் துண்டும் சேரும் இடத்தில் ஒரு பிவிசி பைப் துண்டைச் செருகிக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். மோட்டார் லைனில் சைக்கிள் டியூப் கட்டு.

“ஏஞ்சாமி, இவ்வளவு இறுக்கியும் நிக்கலியே, இதுக்கு மேல எங்க இறுக்கறது?” என்றார் சின்னம்மா.

“இறுக்கி நிக்காதுங்க சின்னம்மா, மரையே வேற.”

தம்பி உடனே அட்டைப்பெட்டியை எடுத்து வந்தான். “இதுலயும் முக்கால்னுதானுங்ண்ணா போட்டிருக்குது.”

போட்டிருந்தது உண்மைதான். சிக்கலே அங்கேதான்.

நம் ஊர்க் குழாய், பைப், வால்வு எல்லாவற்றிலும் இருப்பது பிஎஸ்பி மரை, பிரிட்டிஷ் பைப் மரை. 1841-ல் விட்வர்த் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் முன்வைத்த 55 டிகிரி மரை வடிவத்திலிருந்து வந்தது. இதில் அரை, முக்கால் என்பதெல்லாம் அந்தக் காலத்து இரும்புப் பைப்பின் உள்துளையை ஒட்டி வைத்த பெயர். மரையின் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்தால் அந்த அளவு கிடைக்காது. அரை இன்ச் குழாயின் வெளிமரை கிட்டத்தட்ட 21 மி.மீ. இருக்கும். முக்கால் இன்ச் 26.4 மி.மீ. ஒரு இன்ச் 33.2 மி.மீ. அரையிலும் முக்காலிலும் ஒரு இன்ச் நீளத்துக்கு 14 மரை, ஒரு இன்ச் பைப்பில் 11 மரை.

அமெரிக்காவில் தோட்ட ஹோஸுக்கென்றே தனி மரை வைத்திருக்கிறார்கள். அதற்கும் பெயர் முக்கால் இன்ச். வெளி விட்டம் 27 மி.மீ., நம்முடையதற்கும் அதற்கும் அரை மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு இன்ச்சுக்கு 11.5 மரைதான், கோணமும் 60 டிகிரி. நம் மரையில் ஒரு சுற்றுக்கு 1.81 மி.மீ. நகரும், அதில் 2.21 மி.மீ. நகரும். முதல் சுற்று லொடலொடவென்று ஏறும். இரண்டாவதில் கொஞ்சம் பிடிக்கும். மூன்றாவது மரைக்குள் வித்தியாசம் ஒரு மி.மீ.யைத் தாண்டிவிடுவதால் சிக்கிக்கொள்ளும். மாட்டுகிறவர் கைக்கு அது நன்றாக இறுகிவிட்டது போலத்தான் இருக்கும். உள்ளே வாஷர் குழாயின் வாயைத் தொட்டிருக்கவே செய்யாது.

சந்தேகத்தைத் தீர்க்க, இணைப்பின் உள்ளே ஒரு காகிதத் துண்டை வைத்து விரலால் அழுத்தி எடுத்தேன். மரையின் தடம் வரிவரியாகப் பதிந்தது. நாலு இடைவெளியைச் சேர்த்து அளந்தால் 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நம் மரையாக இருந்தால் 7 மி.மீ. சொச்சம்தான் வந்திருக்க வேண்டும். வெர்னியர் தேவையில்லை, பள்ளிக்கூட ஸ்கேல் போதும். வெளிமரையாக இருந்தால் இன்னும் சுலபம். தெரிந்த முக்கால் இன்ச் ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) நிப்பிள், அதாவது வெளிமரை உள்ள குட்டைத் துண்டு, ஒன்றைப் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருத்தி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே மரை என்றால் பல்லோடு பல் உட்கார்ந்து நடுவில் வெளிச்சமே தெரியாது. வேறு மரை என்றால் ஓர் இடத்தில் உட்கார்ந்து அடுத்த இடத்தில் ஏறி நிற்கும்.

டெஃப்லான் டேப் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இந்தத் தப்பு ஊர் முழுக்க நடக்கிறது. இணைப்பு என்பதில் தண்ணீரை நிறுத்தும் இடம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, மரையே அடைக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பில் மரை நுனிக்குச் சரிவாக இருக்கும், இறுக்க இறுக்க நெருங்கும், மீதி இடுக்கை டேப் நிரப்பும். இரண்டு, வாஷர் அடைக்க வேண்டும். அங்கே மரைக்கு வேலை வாஷரை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். மூன்று, ஹோஸே ஒரு வரிவரியான முனைமேல் ஏறி, கிளிப் அதை நெரித்து அடைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்திலேயே முதல் இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. மரையால் அடையும் மரைக்கு ஐ.எஸ். 554, மரையால் அடையாததற்கு ஐ.எஸ். 2643. ஹோஸை மாட்டும் சுழலும் இணைப்பு இரண்டாவது வகை. அதில் எவ்வளவு டேப் சுற்றினாலும் வாஷர் முழுசாக அழுந்தவில்லை என்றால் ஒழுகத்தான் செய்யும். சொல்லப்போனால் தடிமனான டேப் மரையை முழுசாக ஏறவிடாமல் தடுத்து, வாஷரை இன்னும் தள்ளி நிறுத்திவிடுகிறது.

தம்பி கழற்றிப் போட்டிருந்த இரண்டு வாஷர்களையும் பார்த்தேன். இரண்டிலும் ஒரு பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, நகத்தால் அழுத்தினால் குழியே விழாத அளவுக்கு இறுகிப் போயிருந்தன. உப்புத் தண்ணிப் பக்கத்தில் வாஷருக்கு ஆயுசு குறைவு. ஹோஸ் வாங்கும்போதே நாலு வாஷர் சேர்த்து வாங்கி வைப்பது நல்லது.

மோட்டார் லைனில் சங்கதி வேறு. அங்கே மரை சரி, அழுத்தம்தான் பிரச்சினை. அந்தக் கன்னை முதலில் தொட்டி லைனில்தான் மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சீறவில்லை என்று தம்பி அதை மோட்டார் லைனுக்கு மாற்றியிருக்கிறான். மோட்டார் ஓட ஓட விசையை விட்டிருக்கிறான், கன் மூடிக்கொண்டது. ஹோஸ் பிடுங்கிப் பறந்து சுவரில் அடித்தது.

தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே குழாய்க்கும் சுமார் 6 மீட்டர் உயரம். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது கணக்கு, அப்படியானால் இங்கே 0.6 கிலோ. அமெரிக்க வீடுகளில் குழாயில் சாதாரணமாக 40 முதல் 60 பிஎஸ்ஐ வரும், அதாவது 3 முதல் 4 கிலோ. அந்தக் கன்னை அதற்காகச் செய்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் அது பனி மாதிரி தெளிக்காது, அது கன்னின் குற்றம் இல்லை.

மோட்டார் லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். முள் 4 கிலோவைத் தொட்டதும் நிறுத்திவிட்டுத் திறந்தேன், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. முக்கால் இன்ச் ஹோஸின் உள்துளைப் பரப்பு கிட்டத்தட்ட 2.8 சதுர சென்டிமீட்டர். 4 கிலோ அழுத்தத்தில் அந்த முனையைப் பிடுங்கும் இழுப்பு 11 கிலோ. ஒரு இன்ச் ஹோஸ் என்றால் 20 கிலோவுக்குக் கிட்டே வரும். தொட்டி லைனில் அதே முக்கால் இன்ச் முனையில் இழுப்பது 2 கிலோகூட இல்லை. சைக்கிள் டியூப் கட்டு தொட்டி லைனில் வருஷக் கணக்கில் நிற்பதும் மோட்டார் லைனில் ஒரு வாரம் தாங்காததும் இதனால்தான். அதிலும் சித்திரை வெயிலில் பகலெல்லாம் கிடந்து இளகிய பிவிசி ஹோஸ் இன்னும் சீக்கிரம் வழுக்கும்.

“போன வருஷம் இப்படிப் பறக்கலையே” என்று சின்னம்மா கேட்டது நல்ல கேள்வி. போர் மோட்டார் ஆழத்திலிருந்து தூக்குவதற்கென்று பல அடுக்காகச் செய்தது. போரில் தண்ணீர் மட்டம் கீழே கிடந்தால் அதன் பலம் பெரும்பாலும் தூக்குவதிலேயே தீர்ந்துவிடும். மட்டம் 30 மீட்டர் மேலே வந்தால், அதே மோட்டார், அதே ஓட்டத்தில், தரைமட்டத்தில் 3 கிலோ கூடுதலாகத் தள்ளும். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிய பிறகு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரி நீர் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு வருகிறது. போர்களில் மட்டம் ஏறியிருப்பதாக இந்தப் பக்கத்து விவசாயிகள் பேசிக்கொள்கிறார்கள். மழை நல்லபடி பெய்தாலும் இதே விளைவுதான். கோடையில் நின்ற ஹோஸ் கார்த்திகையில் பறந்தால் முதலில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மோட்டார் லைனில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிவிசி பைப்பும் குழாயும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் எஃப்டிஏ, அதாவது பைப்பில் ஒட்டும் உள்மரை அடாப்டர். அதன் கழுத்தில் முடி போல ஒரு விரிசல், மோட்டார் போட்டால் மட்டும் வேர்த்தது. பிளாஸ்டிக் உள்மரைக்குள் டேப்பைத் தடிமனாகச் சுற்றி வெளிமரையை ரென்ச்சால் இறுக்கினால் இப்படி வாய் பிளக்கும். ஹோஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஈரம் போயிருக்காது.

வாங்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு தம்பியோடு அவிநாசியில் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்ததும் கேட்பது “அரையா முக்காலாங்ண்ணா?” என்றுதான். அவருக்கு நான் மூன்று அளவு சொன்னேன்: குழாயின் மரை, ஹோஸின் உள்துளை, ஹோஸின் வெளிச்சுற்று. ஹோஸை உள்துளையால் விற்கிறார்கள், கிளிப்பை வெளிச்சுற்றால் விற்கிறார்கள், குழாயை மரையின் பெயரால் விற்கிறார்கள். மூன்றையும் முக்கால் என்ற ஒரே சொல்லில் கேட்டுவிட்டு வருவதால்தான் பாதிப் பேர் மறுபடி கடைக்குப் போகிறார்கள். எங்கள் ஹோஸ் உள்ளே 19, சுவர் 3, ஆகவே வெளியே 25 மி.மீ. அதற்கு 20–32 கிளிப் பொருத்தம், இறுக்கும்போது பட்டை ஏறக்குறைய நடு அளவில் நிற்கும். 25–40 வாங்கினால் தொடக்க அளவிலேயே நின்று சரியாக நெரிக்காது.

கிளிப் முழுக்க ஸ்டெயின்லஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். பட்டை மட்டும் ஸ்டெயின்லஸாக இருந்து திருகு சாதா இரும்பாக வருவது உண்டு. காந்தம் வைத்தால் திருகு பச்சக்கென்று ஒட்டும். உப்புத் தண்ணியில் அந்தத் திருகு துருப்பிடித்து, அடுத்த முறை கழற்ற முடியாது.

ஒரு பக்கம் குழாயில் திருகி, மறுபக்கம் ஹோஸ் ஏறும் ஹோஸ் காலரில் பித்தளையையே எடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். சந்தேகம் வந்தால் உள்விளிம்பில் அரத்தால் ஒரு இழு இழுக்கலாம், பித்தளை உள்ளேயும் மஞ்சளாகவே இருக்கும், முலாம் பூசிய கலப்பு உலோகம் வெளுப்பாகத் தெரியும். அதைவிட முக்கியம், துளை வழியாகக் கண்ணை வைத்துப் பார்ப்பது. முக்கால் இன்ச் ஹோஸுக்கு என்று சொல்லி, நடுத்துளை சுண்டுவிரல்கூட நுழையாத காலரும் விற்கிறது. தொட்டி லைனில் கிடைப்பதே 0.6 கிலோ, அதைக் காலரில் இழந்துவிடக் கூடாது. இதே காரணத்துக்காக அரை இன்ச் ஹோஸ் துண்டை ஒதுக்கிவிட்டு முழுவதையும் முக்கால் இன்ச்சாக்கினோம். அதே அளவு தண்ணீர் ஓடினால் அரை இன்ச் ஹோஸில் ஆகும் உராய்வு முக்கால் இன்ச்சைப் போல ஏழு மடங்குக்கும் மேல். மோட்டார் லைனில் இது பெரிதாகத் தெரியாது, தொட்டித் தண்ணீரில் நன்றாகத் தெரியும்.

டக்கென்று மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்புகளையும் கடைக்காரர் காட்டினார். 1968-ல் ஜெர்மனியின் கார்டெனா நிறுவனம் கொண்டுவந்த முறை அது, யோசனை அருமையானது. நல்ல தண்ணி வரும் வீட்டில் தாராளமாகப் போடலாம். இங்கே அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு அடியில் மணலும் சுண்ணாம்பும் சேரும் என்பதால் வேண்டாம் என்றேன்.

அமெரிக்கக் கன்னை என்ன செய்வது? குழாய்ப் பக்கம் இருந்த அந்த நாட்டு இணைப்பை எடுத்துவிடச் சொன்னேன். குழாயடியில் மாட்டும் பொருளுக்கு அவிநாசியில் உதிரி கிடைக்க வேண்டும். கன்னைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை, சின்னம்மாவுக்கும் வரவில்லை, மகள் சுமந்து வந்தது. மரை மாற்றும் அடாப்டர் ஆன்லைனில் வாங்கலாம். ஆனால் கோவையை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு அதற்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. கணபதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்குக் கன்னையே கொண்டுபோய்க் காட்டினேன். இன்ச்சுக்கு 11.5 மரை என்றதும் அவர் யோசிக்கவே இல்லை. அமெரிக்கப் பைப் மரையில் 1 முதல் 2 இன்ச் வரை அதே 11.5 கணக்குதான், ஏற்றுமதி வால்வு வேலையில் தினமும் வெட்டுவது. பித்தளைத் தண்டில் ஒரு முனையில் 27 மி.மீ. வெளிமரை, மறுமுனையில் 19 மி.மீ. ஹோஸுக்கான வரிமுனை. கன் கையாலேயே கடைசி வரை வழுக்கிக்கொண்டு ஏறி, வாஷரில் போய் மெத்தென்று நின்றது. தம்பியைத் திருகிப் பார்க்கச் சொன்னேன். “இப்பத்தானுங்ண்ணா வித்தியாசம் தெரியுது” என்றான்.

மாட்டும் முறையில் கவனிக்க வேண்டியது ஹோஸ் முனைதான். பழைய முனை விரிந்து, கம்பி அறுத்த தடத்தோடு இருந்தது, அதை ஒரு சாண் வெட்டி எறிந்தோம். கூர்மையான கத்தியால் நேராக வெட்ட வேண்டும், சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் மட்டும் காலரின் தோளைத் தொடும். மெழுகுவர்த்தியிலும் லைட்டரிலும் காட்டி இளக்குவதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன், கருகிய இடம்தான் பிறகு வெடிக்கும். அடுப்பில் காய்ந்த வெந்நீர் ஒரு டம்ளர் போதும். முனையை அரை நிமிடம் முக்கி எடுத்து, காலரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, திருகாமல் நேராகத் தள்ளினால் தோள் வரை போய் உட்காரும். எண்ணெயும் கிரீசும் வேண்டாம், வழுக்கி ஏறியது வழுக்கியே கழன்றுவிடும்.

கிளிப்பை வரிமுனைக்கு நேராக, ஹோஸின் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து இறுக்கினோம். பட்டையின் துளைகளில் ஹோஸ் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்த வேண்டும். கட்டுக்கம்பி போல ஒரே கோட்டில் அறுக்காமல், கிளிப் அகலமாகச் சுற்றிலும் ஒரே சீராக நெரிக்கும். மறுநாள் பிவிசி கொஞ்சம் தளர்ந்திருக்கும், இன்னொரு கால் திருகு கட்டாயம் தர வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் லைனில் ஒரு முனைக்கு இரண்டு கிளிப், திருகுத் தலைகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி போட்டோம். விரிசல் விட்ட எஃப்டிஏவை வெட்டி எடுத்துவிட்டுப் பித்தளை மரை உள்ளே வைத்த எஃப்டிஏ ஒட்டினேன். குழாயின் வெளிமரையில் டேப் அங்கே தேவை. மரையின் முகத்தைப் பார்த்தபடி கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் திருகும்போது பிரியாது. சுழலும் இணைப்பில் டேப்பே போடவில்லை. புது வாஷர், கை இறுக்கம், அதற்கு மேல் கால் சுற்று.

தொட்டி லைனில் இப்போது சொட்டு இல்லை. கன்னில் பூத்தூறல் நிலையும் நேராகப் பாய்கிற நிலையும் நன்றாக வேலை செய்கின்றன. பனித் தெளிப்பு வராது என்று சின்னம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். “கத்தரிச் செடிக்குப் பனி எதுக்கு, தண்ணி போனாச் செரி” என்றார்.

மோட்டார் லைனில் விசை வைத்த எதையும் மாட்டக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஹோஸ் பறப்பது மட்டும் இல்லை, போருக்குள் இருக்கும் மோட்டாரை அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் குளிர வைக்கிறது. வாயை அடைத்துவிட்டு ஓட்டினால் அது சூடேறும். இப்போதைக்கு அந்த லைனில் வாய் திறந்த ஒரு இன்ச் ஹோஸ், தென்னைக்கு மட்டும். குழாய்க்கு முன்னால் மூன்று வாய் உள்ள டீ இணைப்பு ஒன்று வைத்து, மாட்டுத் தொட்டிக்கு ஒரு கிளை இழுத்து, அதில் ஒரு வால்வைப் பாதி திறந்தபடி விட்டால், யாராவது மறந்து குழாயை மூடினாலும் தண்ணீர் அங்கே போய்விடும். அதற்கு ஒரு இன்ச் பைப் இரண்டு நீளமும் ஒரு பால் (ball) வால்வும் வேண்டும். அறுவடை முடிந்ததும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.